தேயிலை எட்டு ராத்தல், பன்றி ஒன்று

அத்தியாயம் 17

கோர்ட் கட்டடத்தின் அடித்தளத்தில் தூசியும் தும்மலுமாக உட்கார்ந்திருந்த மார்லிஸை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரம் முழுக்க அவள் அங்கேயே உட்கார்ந்திருக்கவில்லை. நடுவில் எண்பது ஏக்கர் மக்காச்சோளம் அறுத்தாள், முன் கூடத்துக்கு வெள்ளை அடித்தாள், அப்பாவோடு இரண்டு தடவை சண்டை போட்டாள்.

போன வாரம் இதழ் கைக்குக் கிடைக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஹார்ம் எய்லர்ஸுக்கு எண்பது வயது. ஜெர்மனியின் வடகோடியிலிருந்து கப்பலேறி வந்த கொள்ளுத்தாத்தா ஓக்கோ, அயோவாவில் வாங்கிய நூற்று அறுபது ஏக்கர் இப்போது அவர் பெயரில் இருக்கிறது. அதை மகள் மார்லிஸுக்கு எழுதி வைக்க அவர் மூன்று தடவை ஒப்புக்கொண்டார். மூன்று தடவையும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வக்கீல் வீட்டுப் படியேறினார். முதல் தடவை பேனா சரியாக எழுதவில்லை. இரண்டாம் தடவை இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்றாம் தடவை வக்கீலே அவருக்குக் கை கொடுத்தார். "1889இல் ஓக்கோவிடமிருந்து மகன் யானுக்கு நிலம் எப்படி வந்தது? மூலப்பத்திரத்தைக் காணோமே!" என்றார். அதைக் கேட்டதும் ஹார்முக்கு முகம் எப்படி மலர்ந்தது என்பதை மார்லிஸ் சாகும்வரை மறக்க மாட்டாள்.

அவள் கணவன் கேலன் நல்லவன். இருபத்தாறு வருஷம் மாமனார் நிலத்தில் உழுதவன், ஒரு வார்த்தை முறைப்பாகப் பேசியதில்லை. ஆனால் மினசோட்டாவில் பெரிய பண்ணை ஒன்றைப் பார்த்துக்கொள்ள அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீடும் தருகிறார்கள். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்று வியாழன்.

மார்லிஸ் சர்ச் புத்தகங்களைப் புரட்டினாள், கோர்ட் பதிவேடுகளைப் புரட்டினாள், கல்லறைக் கற்களைக்கூட விடவில்லை. ஓக்கோ பிறந்தது கிடைத்தது, செத்தது கிடைத்தது, நிலத்தைக் கை மாற்றியது மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில், வெள்ளை அடிக்க முன் கூடத்துச் சுவரிலிருந்து, வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாமலே ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்த 'குடும்ப ஆசீர்வாதம்' என்ற பழைய ஜெர்மன் காகிதத்தைக் கழற்றினாளே, அப்போதுதான் ஃப்ரேமின் மர விளிம்புக்கு அடியில் ஒளிந்திருந்த அந்த எண்ணைப் பார்த்தாள். 1889.

அதை வாரி எடுத்துக்கொண்டு வெல்டா அத்தையிடம் ஓடினாள்.

வெல்டா ட்யாடன் யாருக்கும் அத்தை இல்லை, ஊருக்கே அத்தை. பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் மூன்று கவுண்டிகளில் அவர் ஒருவர்தான். வம்சாவளி சங்கத்தின் சார்பில் கோர்ட் அடித்தளத்தில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். யாருடைய தாத்தா யார் வீட்டுக் குதிரையைத் திருடினார் என்பது வரைக்கும் அத்துப்படி.

இப்போது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சாதாரணச் சிரிப்பில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேலே குமாஸ்தாக்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சிரிச்சது போதும் அத்தை. என்னன்னு சொல்லுங்க."

"இரும்மா, இரு. கண்ணுல தண்ணி. ஆமா, உங்க வீட்ல கிறிஸ்துமஸுக்கு இது முன்னாடி நின்னு என்ன பண்ணுவீங்க?"

"ஜெபம்தான். கொள்ளுத்தாத்தா எழுதி வெச்ச ஆசீர்வாதமாச்சே. பாட்டி சொல்லிக் குடுத்த ஜெபத்த அப்பா மனப்பாடமா சொல்வாரு. நாங்கல்லாம் தலையக் குனிஞ்சிக்கிட்டு நிப்போம்."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான். போதகர் வந்தாக்கூட தொப்பியக் கழட்டிட்டுதான் நிப்பாரு."

வெல்டா மறுபடியும் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். கொஞ்ச நேரம் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு நிமிர்ந்து, பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"கேளு, எந்த ஜெபத்துக்குத் தொப்பியக் கழட்டினாருன்னு. 'மகன் யான், பெற்றோருக்கு ஆண்டுதோறும் கொழுத்த பன்றி ஒன்று தர வேண்டும். பட்டியில் உள்ளதிலேயே சிறியதாகப் பார்த்துத் தரக்கூடாது.'"

மார்லிஸ் குனிந்து காகிதத்தை உற்றுப் பார்த்தாள்.

"இன்னும் கேளு. 'ஆண்டுக்குத் தேயிலை எட்டு ராத்தல். கற்கண்டும் அதற்குத் தக்கபடி. மட்டமான தேயிலை ஏற்கப்படாது. சர்ச்சுக்குப் போகும் வண்டியில் முன்பக்கம் பார்த்த இருக்கை தாய் தால்கேக்கு உரியது. மருமகளுக்கு அதில் பாத்தியதை இல்லை.'"

"அத்தை, இது என்னது?"

"நம்ம ஆளுங்க அங்கருந்து மூட்டை கட்டிக்கிட்டு வந்த பழக்கம். புள்ளைக்கு நெலத்த எழுதிக் குடுக்கறப்பவே, வயசானவங்களுக்கு இன்னின்னது வேணும்னு எழுதி வாங்கிக்குவாங்க. முதியோர் பங்குன்னு சொல்வாங்க. எந்த ரூம்பு, எத்தன முட்ட, எத்தன வெறகு, எல்லாமே இருக்கும். உங்கப்பாவோட கொள்ளுத்தாத்தா இருக்காரே, நெலத்துக்கு ரெண்டு வரி எழுதிட்டு, தேயிலைக்கு அஞ்சு வரி எழுதியிருக்காரு."

"நெலத்துக்கு ரெண்டு வரியா?" மார்லிஸ் நாற்காலியோடு முன்னால் நகர்ந்தாள்.

"அதான்டி உன் மூலப்பத்திரம்! வடமேற்குக் கால்பகுதி, நூத்தி அறுபது ஏக்கர், அப்பன்கிட்டருந்து மகனுக்கு. இந்தச் செவப்பு முத்திரை நோட்டரியோடது. பதிவு பண்ண மட்டும் மறந்துட்டாங்க. வீட்டுக்குள்ள நடந்த விஷயத்த எதுக்குக் கோர்ட்டுக்காரனுக்குச் சொல்லணும்னு இருந்திருப்பாங்க. இதப் பாத்தா உன் வக்கீலுக்கு வாயெல்லாம் பல்லாயிடும்."

"அடியில இருக்கற சிலுவை?"

"சிலுவையுமில்ல, ஒண்ணுமில்ல. தால்கேக்கு எழுதத் தெரியாது. பெருக்கல் குறி மாதிரி ஒண்ணு கிழிச்சு விட்ருக்காங்க. தற்குறி."

மார்லிஸ் துள்ளி எழுந்து வெல்டாவைக் கட்டிக்கொண்டாள். மூன்று வாரத் தூசி அத்தனையும் அந்த ஒரு நிமிஷத்தில் பறந்துபோனது போல இருந்தது. அடுத்த நிமிஷமே அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

ஏன் என்று சொல்ல வேண்டும். முதல் உலகப் போர் நடந்தபோது அயோவாவில் வீட்டுக்கு வெளியே ஜெர்மன் பேசினால் அடி விழும். ஹார்மின் அப்பா, அதாவது யானின் மகன் கெர்ட், வீட்டிலிருந்த ஜெர்மன் காகிதங்களையெல்லாம் ஓட்ஸ் குதிருக்குள் புதைத்து வைத்தார். அந்த வருஷமே விஷக்காய்ச்சலில் போய்விட்டார். ஹார்முக்கு அப்போது நான்கு வயது. அம்மா ஃபென்னாவுக்கு அச்செழுத்து மட்டும்தான் படிக்க வரும். குதிரிலிருந்து கிடைத்த காகிதத்தில் சிவப்பு முத்திரையைப் பார்த்தாள், அடியில் சிலுவையைப் பார்த்தாள், பெரியவர்கள் விட்டுப்போன ஆசீர்வாதம் என்று முடிவு கட்டிவிட்டாள். ஒரு பசுவை விற்று அதற்குக் கண்ணாடி போட்டாள். அன்றிலிருந்து அதன் முன்னால்தான் அந்த வீட்டின் ஜெபம்.

"அப்பாகிட்ட எப்படி அத்தை சொல்றது? மனசு ஒடிஞ்சு போயிடுவாரு."

"நானும் வர்றேன். மூணு மணி டீக்குப் போயிடலாம். சின்ன வயசுல அவன்கூட ஒரே பெஞ்சுல உக்காந்தவ நான். அவன் அழுதாலும் எனக்குப் புதுசில்ல."

*

வழியில் வண்டியை வயலோரம் நிறுத்தினாள். அறுவடை இயந்திரத்தின் மேலிருந்து கேலன் இறங்கி வந்தான், காதுக்குள்ளெல்லாம் சோளத்தூசி.

"கெடச்சுடுச்சு" என்றாள் மார்லிஸ். "நம்ம ஆசீர்வாதம்தான் மூலப்பத்திரம். ஜெபமே இல்ல அது. பன்னியும் தேயிலையும்தான்."

கேலன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அப்ப நான் இருபத்தாறு கிறிஸ்துமஸா ஒரு பன்னிக்குத் தலை குனிஞ்சிருக்கேன்?"

"கொழுத்த பன்னிக்கு."

அவனும் சிரித்தான், ஆனால் சீக்கிரமே நிறுத்திவிட்டான். கையுறையைக் கழற்றி அவள் கன்னத்திலிருந்த அழுக்கைத் துடைத்தான்.

"இனிமே அவருக்குச் சாக்கு இல்ல மார்லிஸ். இப்பவும் போடலேன்னா, அவருக்கு மனசில்லேன்னுதான் அர்த்தம். சனிக்கிழம நான் மினசோட்டாவுக்குப் போன் பண்ணிடுவேன். இன்னொருத்தர் மண்ணுலயே சாகறதா இருந்தா, எனக்கு எந்த மண்ணா இருந்தா என்ன?"

அவன் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் கஷ்டம்.

*

மூன்று மணிக்கு ஹார்ம் சமையலறை மேஜையில் தயாராக இருந்தார். கற்கண்டு கோப்பைக்குள் விழுந்தது, கொதிக்கும் டீ பட்டதும் படபடவென்று வெடித்தது, பாலாடை ஓரமாக இறங்கியது. கலக்கக்கூடாது. இந்த வீட்டில் டீயைக் கலக்கியவர் யாரும் இரண்டாவது தடவை விருந்துக்குக் கூப்பிடப்பட்டதில்லை.

"என்ன வெல்டா, அதிசயமா இந்தப் பக்கம்? யாரு செத்தது?"

"செத்தவங்க விஷயமாத்தான் வந்திருக்கேன் ஹார்ம். கோப்பைய கீழ வெச்சிட்டுக் கேளு."

வெல்டா படித்தார். நிலம், பன்றி, தேயிலை, தெற்கு அறை, கிணற்றோரத்து முட்டைக்கோஸ் பாத்தி. ஒன்றையும் விடவில்லை. சிரிக்கவும் இல்லை. மார்லிஸ் அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய கைகள். மேஜை மேல் அசையாமல் கிடந்தன.

படித்து முடித்ததும் ஹார்ம் எழுந்து முன் கூடத்துக்குப் போனார். புது வெள்ளைச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அதன் முன்னால் நின்றார்.

"எங்கம்மா இங்க நின்னு அழுதிருக்காங்க" என்றார். "ஆலங்கட்டி மழையில பயிரெல்லாம் போச்சு பாரு, அந்த வருஷம். என் கையப் புடிச்சுக்கிட்டு இங்கதான் நின்னாங்க. முட்டைக்கோஸ் பாத்தி முன்னாடியா நின்னோம்?"

வெல்டாவும் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"காகிதத்துல என்ன இருந்தா என்ன ஹார்ம்? அவங்க அழுதது கேட்க வேண்டியவருக்குக் கேட்டுது. மறு வருஷம் வெளஞ்சுதா இல்லையா?"

"வெளஞ்சுது" என்று ஒப்புக்கொண்டார் ஹார்ம். மூக்கைச் சிந்தினார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் குடித்தார்.

"அந்த வயல் விஷயம் ஒண்ணு வந்துதே. திரும்பப் படி."

"'தகப்பன் தன் விருப்பப்படி எந்த வயலிலும் நடக்கலாம். விதைப்பு பற்றியும் அறுவடை பற்றியும் தன் கருத்தைச் சொல்லலாம். மகன் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அதன்படி நடக்கக் கட்டாயமில்லை.'"

ஹார்மின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரிப்புதான்.

"கெட்டிக்காரக் கெழவன்" என்றார். "கையெழுத்துப் போட்டதுக்கப்புறமும் இந்த வீட்லதான் இருந்தாரா?"

"பதினோரு வருஷம். சர்ச் புத்தகத்துல இருக்கு. 'மகன் வீட்டில், தன் அறையில் காலமானார்'னு."

"தன் அறையில" என்று ஹார்ம் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினார். "நம்ம பக்கத்துப் பண்ணை எனோ, செப்டம்பர்ல நெலத்தப் புள்ளைங்க பேர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டான். டிசம்பர்ல அவன டவுன்ல முதியோர் விடுதியில கொண்டுபோய் விட்டாங்க. நான் பாக்கப் போனேன். ஜன்னலத் தெறந்தா கார் நிறுத்தற எடம். மண்ணு ஒரு பிடி கண்ணுல படல. என்னென்னமோ பேசினோம். கெளம்பறப்ப, மழை பெய்ஞ்சுதான்னு கேட்டான் என்கிட்ட. அவனுக்கே தெரியல, மழை பெய்ஞ்சுதா இல்லையான்னு."

மார்லிஸுக்கு மூன்று வாரமாக நெஞ்சில் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த இடத்தில் வலி வந்து உட்கார்ந்தது.

"நான் உங்கள அப்படிக் கொண்டுபோய் விடுவேன்னா நெனச்சீங்க?"

"உன்னச் சொல்லலம்மா. பேப்பர்ல பேரு இல்லாதவன் வீட்ல எங்க உக்காருவான்? அதான் எனக்குப் புரியல. கேக்கவும் கூச்சமா இருந்துது. பெத்த மகள்கிட்ட போய், எனக்கு ஒரு ரூம்பு குடுப்பியான்னு கேக்கறதா?"

"கேட்டிருக்கணும்!" என்று கத்திவிட்டாள் மார்லிஸ். கத்திவிட்டு அழுதாள். "ஓக்கோ கேட்டாரே! எட்டு ராத்தல் தேயிலை கேட்டாரே! உங்களுக்கு மட்டும் என்ன கூச்சம்?"

ஹார்ம் கைக்குட்டையை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். சுத்தமான கைக்குட்டை இல்லை. அவள் வாங்கித் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப எழுது" என்றார் அவர்.

விதைக் கம்பெனி கொடுத்த நோட்டு ஒன்று இழுப்பறையில் இருந்தது. மார்லிஸ் பென்சிலைத் தேடி எடுத்தாள்.

"தெற்கு ரூம்பு எனக்கு. கட்டில் ஜன்னல் பக்கம். மூணு மணிக்கு டீ. நூல்ல கட்டித் தொங்கவிட்ட டீயெல்லாம் என் முன்னாடி வரக்கூடாது."

"எழுதியாச்சு."

"பிக்கப் வண்டி சாவி என் ஆணியில தொங்கணும்."

"வயல் பாதையில மட்டும் ஓட்டலாம். நெடுஞ்சாலைக்குப் போகக்கூடாது."

"சர்ச்சுக்கு?"

"சர்ச்சுக்கு நான் ஓட்டுவேன். நீங்க முன் சீட்டுல உக்காருங்க. கேலன் பின்னாடி."

"அவன் கால் நீளமாச்சே" என்று ஹார்ம் கவலைப்பட்டார். ஆனாலும் அந்தச் சீட்டை விட்டுக்கொடுக்கவில்லை. பேரம் பேசப் பேச அவருக்குக் குரலில் பத்து வயது குறைந்துகொண்டே வந்தது. "வருஷத்துக்கு ஒரு பன்னி."

"டாக்டர் கொழுப்பு ஆகாதுன்னு சொல்லியிருக்காரு அப்பா."

"அப்ப டாக்டருக்குத் தெரியாத பன்னி."

"பாதிப் பன்னி" என்றாள் மார்லிஸ்.

"பாதின்னா முன்பாதியா, பின்பாதியா?" என்று வெல்டா இடையில் புகுந்தார். "இப்பவே எழுதிக்கோங்க. நூறு வருஷம் கழிச்சு எவளாவது படிச்சிட்டு மண்டையப் பிச்சிக்கப் போறா."

மூவரும் சிரித்தார்கள். மார்லிஸ் எழுதினாள்: தகப்பன் எந்த வயலிலும் நடக்கலாம், கருத்துச் சொல்லலாம். ஹார்ம் எட்டிப் பார்த்து, "கேலனும் கேக்கணும்னு சேத்துக்கோ" என்றார். சேர்த்தாள்.

"நாளைக்கு வக்கீல்கிட்ட போலாமா?"

"போலாம்" என்றார் ஹார்ம். அவ்வளவு எளிதாக அந்த வார்த்தை வந்து விழும் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை. கேலனிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"பழைய பத்திரத்துல சாட்சி யாரு வெல்டா?" என்று கேட்டார் ஹார்ம். "யாராச்சும் இருந்திருப்பாங்களே."

வெல்டா பூதக்கண்ணாடியை அடிவரிக்கு நகர்த்தினார். படித்துவிட்டு மார்லிஸை ஒரு பார்வை பார்த்தார்.

"'இளைய மகன் ரீன்ட், நிலத்தில் பங்கு பெறாதவன், முழு மனதுடன் சாட்சி.'"

மார்லிஸ் பென்சிலைக் கீழே வைத்தாள்.

அவளுக்கும் ஒரு தம்பி இருக்கிறான். மெர்லின். ஒமாஹாவில் லாரி பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறான். நான்கு வருஷத்துக்கு முன், அம்மாவை அடக்கம் செய்த அன்று, இதே சமையலறையில் நின்று, "நிலத்துக்காகத்தானே அம்மாவ நல்லாப் பாத்துக்கிட்ட" என்று கேட்டான். அவள் கதவைக் காட்டினாள். அதன்பிறகு அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை.

"மெர்லின் வரணும்" என்றார் ஹார்ம்.

"இது நாலாவது சாக்கா அப்பா?"

"இல்லம்மா. மூணுதான் சாக்கு. நான் போனதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் கோர்ட்ல பாத்துக்கக்கூடாது. அவன் கையெழுத்துப் போடறத நான் உக்காந்து பாக்கணும். அது இல்லாம என் கையெழுத்து இல்ல."

அவர் குரலில் பிடிவாதம் இல்லை. இருந்திருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். எதிரே இருந்தது கெஞ்சல், அப்பாவிடம் அவள் பார்த்தே இராத ஒன்று.

வெல்டா, "எண் ஞாபகமிருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

நான்கு வருஷமாகச் சுழற்றாத எண். விரலுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. சுவரிலிருந்த போனை எடுத்துச் சுழற்றினாள். ஹார்முக்குக் காது மந்தம் என்பதால் அந்தப் போனில் சத்தம் எப்போதும் உச்சத்தில்தான் இருக்கும். மணி அடிப்பது சமையலறை முழுக்கக் கேட்டது.

"ஹலோ?"

"மெர்லின். நான்தான், மார்லிஸ்."

மறுமுனையில் ஏதோ இரும்புச் சாமான் தரையில் விழுந்தது. மூச்சுச் சத்தம் கேட்டது.

"அப்பா போயிட்டாரா?"

அவன் குரல் உடைந்திருந்தது. நான்கு வருஷம் கழித்து அக்கா கூப்பிட்டால் அதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்று நினைத்திருக்கிறான், பாவி.

ஹார்ம் எழுந்து வந்து ரிசீவரை அவள் கையிலிருந்து வாங்கினார்.

"இன்னும் போகலடா. போறதுக்கு முன்னாடி எந்த ரூம்புல இருக்கணும்னு எழுதிக்கிட்டு இருக்கோம். நீ எப்படி இருக்க? முதுகு வலி தேவலையா?"

"அப்பா..." என்றான் மெர்லின். பிறகு அழுதான். அழுததும் சமையலறை முழுக்கக் கேட்டது. ஹார்ம் அவசரப்படாமல் காத்திருந்தார், கன்று போட்ட பசுவின் பக்கத்தில் நிற்பது போல.

"உங்கக்காவுக்கு நெலத்த எழுதப் போறேன். அவளும் கேலனும்தான் இருபத்தாறு வருஷமா மண்ணுல கெடந்தது. உனக்கும் தெரியும். நாளைக்கு மத்தியானம் வக்கீல் வீட்டுக்கு வா. சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

வெல்டா டீக்கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சாட்சி மட்டும்தானாப்பா?" என்று கேட்டான் மெர்லின்.

கோபமாகக் கேட்கவில்லை. பேராசையாகவும் கேட்கவில்லை. வீட்டுக்குள் வரலாமா என்று வாசலில் நின்று கேட்கிற குரல். மார்லிஸுக்கு அது புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

ஹார்ம் வாயைத் திறந்தார். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் யார் என்ன கேட்டாலும் பதில் சொன்னவர் அவர்தான். திறந்த வாயை மூடிக்கொண்டார். ரிசீவரை மகளிடம் நீட்டினார்.

"இந்தாம்மா" என்றார். "இனிமே இந்த மண்ணப் பத்தி யாரு கேட்டாலும், நீதான் சொல்லணும்."